ஸ்டீம் மலிவு விற்பனைச் சமூகம்

ஸ்டீம் மலிவு விற்பனைச் சமூகம் என்பது, ஸ்டீம் என்னும் இணையவழி நிகழ்பட ஆட்ட அங்காடியில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் நடைபெறும் தள்ளுபடி விற்பனைகளைப் பின்தொடர்ந்து, விலைகளை ஒப்பிட்டு, எதை எப்பொழுது வாங்குவது என்று ஒருவருக்கொருவர் அறிவுறுத்தி வரும் பயனர்களின் தளர்வான கூட்டத்தைக் குறிக்கும். இதற்குத் தலைவரோ உறுப்பினர் பட்டியலோ கிடையாது. 2010 ஆம் ஆண்டை ஒட்டி உருப்பெற்ற இச்சமூகம், விற்பனை விலைகள் சில மணி நேரத்திற்கு ஒருமுறை மாறக்கூடியனவாக இருந்த காலத்தில் மிகுந்த சுறுசுறுப்புடன் இயங்கியது. 2015 இல் அங்காடியின் விதிகள் வாங்குவோருக்குச் சாதகமாக மாற்றப்பட்டபின் அதன் பணியும் இயல்பும் மாறின.

பின்னணி

ஸ்டீம், ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வால்வ் நிறுவனத்தால் செப்டம்பர் 12, 2003 அன்று வெளியிடப்பட்டது. தொடக்கத்தில் அது வால்வின் சொந்த ஆட்டங்களை இற்றைப்படுத்தும் மென்பொருளாக மட்டுமே இருந்தது. 2005 முதல் பிற நிறுவனங்களின் ஆட்டங்களும் அதன்வழி விற்கப்பட்டன. வாங்குபவருக்குக் குறுந்தகடோ பெட்டியோ கிடைப்பதில்லை. அவருடைய கணக்கில் ஆட்டத்தின் பெயர் சேர்க்கப்படும். அவர் அதைத் தரவிறக்கி ஆடலாம்.

தள்ளுபடியின் பொருளியல் இங்கிருந்தே தொடங்குகிறது. கடையில் அடுக்கப்படும் பொருளை அடக்க விலைக்குக் கீழே விற்றால் நட்டம் வரும். தரவிறக்கப்படும் ஆட்டத்திற்கோ இன்னொரு படி விற்பதற்கான செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆகவே விலையைக் கால் பங்காகக் குறைத்தாலும், வாங்குவோர் நான்கு மடங்கிற்கு மேல் பெருகினால் வருவாய் கூடவே செய்யும். வால்வின் நிறுவனர்களுள் ஒருவரான கேப் நியூவெல் 2009 பெப்ரவரியில் லாஸ் வேகாசில் நடந்த டைஸ் மாநாட்டில் ஆற்றிய உரையில் இதற்கான எண்களை வெளியிட்டார். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த விடுமுறைக்கால விற்பனையில் 10 விழுக்காடு தள்ளுபடி செய்யப்பட்ட ஆட்டங்களின் வருவாய் 35 விழுக்காடும், 25 விழுக்காடு தள்ளுபடிக்கு 245 விழுக்காடும், 50 விழுக்காடு தள்ளுபடிக்கு 320 விழுக்காடும், 75 விழுக்காடு தள்ளுபடிக்கு 1470 விழுக்காடும் உயர்ந்தன என்று அவர் கூறினார். லெஃப்ட் 4 டெட் என்னும் ஆட்டம் ஒரு வார இறுதியில் பாதி விலைக்கு விற்கப்பட்டபோது அதன் விற்பனை 3000 விழுக்காடு கூடியதாகவும் அவ்வுரையில் குறிப்பிட்டார்.

இந்த எண்கள் ஆட்ட உருவாக்குநர்களை வியக்க வைத்தன. அதே எண்கள் வாங்குவோருக்கு வேறொரு செய்தியைச் சொல்லின: காத்திருந்தால் விலை குறையும்.

மின்னல் விற்பனைக் காலம்

2010 ஆம் ஆண்டின் கோடை விற்பனை முதல் சில ஆண்டுகளுக்கு விற்பனைகள் ஒரே பாங்கில் நடந்தன. விற்பனை தொடங்கியதும் அங்காடியின் பெரும்பாலான ஆட்டங்கள் ஓரளவு தள்ளுபடி பெறும். அவற்றுள் சில, ஒவ்வொரு நாளும் 'நாள் சலுகை' என்ற பெயரில் 24 மணி நேரத்திற்கு மட்டும் மேலும் மலிவாகும். இவை தவிர, சில மணி நேரமே நீடிக்கும் மின்னல் விற்பனைகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. 2012 கோடையில், மூன்று தெரிவுகளில் எது அடுத்துத் தள்ளுபடி பெறவேண்டும் என்று பயனர்களே எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வாக்களிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

இம்முறையில் வாங்குபவர் எதிர்கொண்ட இடர் எளிதில் விளங்கக்கூடியது. 20 டாலர் ஆட்டம் ஒன்று முதல் நாளில் 50 விழுக்காடு தள்ளுபடியுடன் 10 டாலருக்குக் கிடைக்கிறது. அவர் வாங்கிவிடுகிறார். நான்காம் நாளில் அதே ஆட்டம் மின்னல் விற்பனையில் 5 டாலருக்கு வருகிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அக்காலத்தில் பொதுவான வழி இல்லை. மாறாக, மின்னல் விற்பனைக்காகக் காத்திருப்பவர் அது தம் ஊரில் நள்ளிரவாக இருக்கும்போது வந்து போனால் தவறவிட்டுவிடுவார். விற்பனைப் பட்டியல் முன்கூட்டி வெளியிடப்படாததால் இரண்டில் எது நிகழும் என்பது எவருக்கும் தெரியாது.

சமூகம் உருவானதற்கு இதுவே முதன்மையான காரணம். தனி ஒருவர் பத்துப் பதினொரு நாட்கள் இரவும் பகலும் அங்காடியைப் பார்த்துக் கொண்டிருக்க இயலாது. வெவ்வேறு நேர வலயங்களில் வாழும் பல்லாயிரம் பேரால் அது இயலும். ஐரோப்பாவில் உள்ளவர் உறங்கும்போது அமெரிக்காவில் உள்ளவர் விழித்திருந்து, புதிய சலுகைகளைப் பட்டியலிட்டு வைப்பார். ரெடிட் தளத்தின் ஆட்டச் சலுகைகளுக்கான பகுதியில் ஒவ்வொரு நாளும் அட்டவணைகள் வெளியாயின. ஆட்டத்தின் பெயர், தள்ளுபடி விகிதம், டாலர், யூரோ, பவுண்டு ஆகியவற்றில் விலை, விமரிசகர் மதிப்பெண், எந்த இயக்குதளங்களில் ஓடும் என்பன அவற்றில் இடம்பெறும். ஊதியமின்றிச் செய்யப்பட்ட இப்பட்டியல்கள் பல வேளைகளில் அங்காடியின் முகப்புப் பக்கத்தை விடத் தெளிவாக இருந்தன.

இக்காலத்தில் தோன்றிய பொது விதி ஒன்று ஒவ்வொரு விற்பனையின் போதும் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. நாள் சலுகையாகவோ மின்னல் விற்பனையாகவோ வந்தாலன்றி எதையும் வாங்கவேண்டாம். கடைசி நாள் வரை வராவிட்டால் அன்று இருக்கும் விலைக்கு வாங்கிக் கொள்ளலாம் என்பதே அது. கடைசி நாளில் சிறந்த சலுகைகள் மீண்டும் ஒருமுறை வழங்கப்படும் வழக்கமும் இருந்தமையால் இவ்விதி பெரும்பாலும் பொய்க்கவில்லை.

விற்பனை தொடங்கும் நாளை முன்னறிவதும் ஒரு தனிப் பொழுதுபோக்காக இருந்தது. வால்வ் நாளை அறிவிக்காது. ஆனால் உருவாக்குநர்களுக்கு அனுப்பப்பட்ட அறிவிப்புகள் வழியாகவும், பணக்கொடுப்பனவு நிறுவனங்களின் விளம்பரங்கள் வழியாகவும் நாள் கசிந்துவிடுவதுண்டு. விற்பனை வழமையாகப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்குத் தொடங்கும். அந்நேரத்தில் அனைவரும் ஒரே சமயத்தில் நுழைய முயல்வதால் அங்காடி சிறிது நேரம் முடங்குவதும், அதைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் பரவுவதும் ஏறத்தாழச் சடங்காகவே ஆகிவிட்டன. கேப் நியூவெல், மக்களின் பணப்பையைப் பறிக்கும் தெய்வமாக இப்படங்களில் சித்தரிக்கப்பட்டார்.

கருவிகள்

நினைவாற்றலை நம்பி விலை ஒப்பிட முடியாது என்பதால், பயனர்களே சில கருவிகளை உருவாக்கினர். ஸ்டீம்டிபி என்னும் தளம் ஒவ்வோர் ஆட்டத்தின் விலை வரலாற்றையும் வரைபடமாகக் காட்டுகிறது. இது வால்வ் நிறுவனத்தைச் சாராத தன்னார்வ முயற்சி ஆகும். இஸ்தேர்எனிடீல் என்னும் தளம் பல அங்காடிகளின் விலைகளை ஒப்பிட்டு, இதுவரை பதிவான மிகக்குறைந்த விலையைத் தெரிவிக்கிறது. உலாவியில் நிறுவப்படும் நீட்சிகள் இத்தகவலை அங்காடிப் பக்கத்திலேயே சேர்த்துக் காட்டின.

"வரலாற்றில் மிகக்குறைந்த விலை" என்ற அளவுகோல் இக்கருவிகளால்தான் பரவலானது. 75 விழுக்காடு தள்ளுபடி என்று அங்காடி எவ்வளவு பெரிய எழுத்தில் அறிவித்தாலும், சென்ற குளிர்காலத்தில் அதே விலைக்குக் கிடைத்ததென்றால் அவசரப்படத் தேவையில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். விற்பனைக்குச் சற்று முன் விலையை ஏற்றிவிட்டுப் பின்னர் 'குறைக்கும்' உருவாக்குநர்களும் இவ்வாறே அகப்பட்டனர். விலையை உயர்த்திய பின் குறிப்பிட்ட காலம் கழியும் வரை தள்ளுபடி அளிக்கக்கூடாது என்று வால்வ் தன் விதிகளிலேயே வரையறுத்துள்ளது.

அன்பளிப்பு வணிகம்

ஒருகாலத்தில் ஸ்டீமில் ஓர் ஆட்டத்தை 'அன்பளிப்பு' என வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் தம் கணக்கின் இருப்பில் வைத்திருக்க முடிந்தது. விற்பனையின்போது மலிவாக வாங்கிச் சேர்த்து, விற்பனை முடிந்தபின் வேறு ஆட்டங்களுக்கோ மெய்நிகர் பொருட்களுக்கோ மாற்றிக் கொள்ளும் வணிகர்கள் இதனால் தோன்றினர். டீம் போர்ட்ரெஸ் 2 ஆட்டத்தில் பயன்படும் 'சாவிகள்' இவ்வணிகத்தில் நாணயமாகவே புழங்கின. நாட்டுக்கு நாடு விலை வேறுபட்டமை இவர்களுக்கு இன்னொரு வருவாய் வழியாயிற்று. உருசியா முதலிய நாடுகளில் குறைந்த விலைக்கு வாங்கி, விலை கூடிய நாடுகளில் உள்ளோருக்கு மாற்றிக் கொடுத்தனர்.

வால்வ் 2014 இறுதியில் இத்தகைய நாடுகளில் வாங்கப்படும் அன்பளிப்புகளுக்கு வட்டாரக் கட்டுப்பாடு விதித்தது. 2017 மே மாதத்தில் அன்பளிப்பை இருப்பில் வைத்திருக்கும் வசதியையே நீக்கி, பெறுபவருக்கு நேரடியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அத்துடன் இவ்வணிகம் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

விற்பனைக்கால விளையாட்டுகள்

பயனர்களை நாள்தோறும் அங்காடிக்கு வரவழைக்க, வால்வ் விற்பனையையே ஒரு விளையாட்டாக மாற்ற முயன்றது. 2011 கோடையில் பயனர்கள் சிறு பணிகளை முடித்துச் சீட்டுகள் பெற்று, அவற்றைப் பரிசுகளுக்கு மாற்றிக் கொண்டனர். அவ்வாண்டின் குளிர்கால விற்பனையில் பணிகளை முடித்தவர்களுக்கு ஆட்டமோ தள்ளுபடிச் சீட்டோ கரித்துண்டோ கிடைத்தது. குறும்பு செய்த குழந்தைகளுக்குக் கிறித்துமசு அன்று கரித்துண்டே கிடைக்கும் என்ற மேலைநாட்டு நம்பிக்கையை ஒட்டிய வேடிக்கை இது. ஏழு கரித்துண்டுகளைச் சேர்த்தால் வேறொரு பரிசு கிட்டும் என்பதால், கரிக்கும் சந்தை விலை ஒன்று ஏற்பட்டது.

2013 முதல் சேகரிப்பு அட்டைகள் அறிமுகமாயின. இவற்றை முழுத் தொகுதியாகச் சேர்த்தால் ஒரு சின்னம் கிடைக்கும். அட்டைகளைப் பயனர்கள் தமக்குள் விற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு விற்பனையிலும் மொத்தம் 15 விழுக்காடு அளவிற்குக் கட்டணம் வால்வுக்கும் ஆட்டத்தின் உரிமையாளருக்கும் செல்லும்.

2014 கோடை விற்பனையில் பயனர்கள் இளஞ்சிவப்பு, ஊதா, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். சின்னங்களைச் செய்வோர் தம் அணிக்குப் புள்ளிகள் சேர்ப்பர். அன்றன்று வெல்லும் அணியில் குலுக்கல் முறையில் தெரிவாகும் சிலருக்கு அவர்களின் விருப்பப் பட்டியலில் உள்ள ஆட்டங்கள் இலவசமாகக் கிடைக்கும். அணிகள் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டால், எல்லோரும் அட்டைகளுக்குப் பணம் செலவழிப்பர். யார் வென்றாலும் கட்டணம் அங்காடிக்குச் சேரும். இதைக் கணக்கிட்ட பயனர்கள், போட்டியிடாமல் முறைவைத்து வெல்வது என்று தமக்குள் முடிவு செய்தனர். இன்று இந்த நிறம், நாளை அடுத்த நிறம் என அட்டவணை வகுக்கப்பட்டது. ஒருவரையொருவர் அறியாத பெருந்திரளான மக்கள் இவ்வுடன்படிக்கையைக் கணிசமான அளவு கடைப்பிடித்தனர் என்பது வியப்புக்குரியது. இதன்பின் வால்வ் பரிசு வழங்கும் முறையில் மாற்றம் செய்தது.

இதற்கு நேர்மாறான விளைவை 2019 கோடை விற்பனை ஏற்படுத்தியது. சூன் 25 முதல் சூலை 9 வரை நடந்த இவ்விற்பனை ஒரு கார்ப் பந்தயமாக அமைக்கப்பட்டிருந்தது. பயனர்கள் ஆமை, முயல், பன்றி, கோர்கி நாய், காக்கட்டீல் கிளி என்னும் ஐந்து அணிகளில் சேர்ந்தனர். விதிகள் குழப்பமாக எழுதப்பட்டிருந்தன. வெற்றி பெறும் அணியினர் சிலருக்கு அவர்களின் விருப்பப் பட்டியலிலிருந்து ஆட்டம் பரிசாகக் கிடைக்கும் என்று இருந்ததை, பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு ஆட்டம் என்று பலர் விளங்கிக் கொண்டனர். விலை குறைந்த ஆட்டம் பரிசாக வந்துவிடக்கூடாதே என்று எண்ணி, சிறு உருவாக்குநர்களின் ஆட்டங்களைப் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கினர்.

இந்நீக்கத்தின் பாதிப்பைப் புரிந்துகொள்ள விருப்பப் பட்டியலின் பயனை அறிய வேண்டும். ஓர் ஆட்டம் வெளியாகும்போதோ 20 விழுக்காட்டிற்குக் குறையாத தள்ளுபடி பெறும்போதோ, அதைப் பட்டியலில் சேர்த்தவர்களுக்கு அங்காடி மின்னஞ்சல் அனுப்புகிறது. விளம்பரத்திற்குப் பணமில்லாத சிறு உருவாக்குநருக்கு வாங்கக்கூடியவர்களைச் சென்றடைய உள்ள மிக முக்கியமான வழி அதுவே. பல மாத உழைப்பில் சேர்ந்த பட்டியல் சில நாட்களில் கரைவதைக் கண்ட அவர்கள் வெளிப்படையாக முறையிட்டனர். பரிசாக வேண்டிய ஆட்டத்தைப் பட்டியலின் தலைப்பில் வைத்தால் போதும், மற்றவற்றை நீக்கத் தேவையில்லை என்று விளக்கிய வால்வ், குழப்பத்திற்கு மன்னிப்பும் கோரியது. பந்தயத்தில் கோர்கி அணி வென்றது.

2015 ஆம் ஆண்டின் மாற்றங்கள்

சூன் 2, 2015 முதல், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடப்பட்ட ஆட்டத்திற்கு எக்காரணத்திற்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று ஸ்டீம் அறிவித்தது. இதன்படி, 10 டாலருக்கு வாங்கியவர் நான்காம் நாளில் அதே ஆட்டம் 5 டாலருக்கு வந்தால், முன்னதைத் திருப்பிவிட்டு மீண்டும் வாங்கலாம். இந்நிலையில் மின்னல் விற்பனை பொருளற்றதாகியது. 2015 நவம்பரில் நடந்த இலையுதிர்கால விற்பனை முதல் நாள் சலுகைகளும் மின்னல் விற்பனைகளும் கைவிடப்பட்டன. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் முதல் நாளில் அறிவிக்கப்படும் விலையே இறுதி நாள் வரை நீடிக்கும்.

வாங்குவோரின் பல ஆண்டுக் குறை இதனால் தீர்ந்தது. உறக்கத்தைக் கெடுத்துக் கொள்ளவேண்டியதில்லை. ஏமாந்தோம் என்று வருந்தவேண்டியதில்லை. ஆயினும் சமூகத்தின் பழைய உறுப்பினர்கள் பலர் இதை ஓர் இழப்பாகவே பேசினர். விலை மாறாவிட்டால் பதினொரு நாட்கள் கூடியிருந்து பேசுவதற்கு எதுவும் இல்லை. முதல் நாளில் விலை வரலாற்றைப் பார்த்து, வேண்டியதை வாங்கிவிட்டு விலகிவிடலாம். 'விற்பனைகள் முன்போல் இல்லை' என்ற அங்கலாய்ப்பு இன்றும் ஒவ்வொரு விற்பனையின் போதும் கேட்கப்படுகிறது. தள்ளுபடி விகிதங்கள் குறைந்துவிட்டன என்பதும் இதனுடன் சேர்த்துச் சொல்லப்படும். ஆனால் இக்கருத்துக்குப் பழையவர்களின் நூலகங்கள் ஏற்கனவே நிரம்பிவிட்டமையும் ஒரு காரணமாகும். வேண்டியதெல்லாம் வாங்கிவிட்ட ஒருவருக்கு எந்த விற்பனையும் வெறுமையாகவே தோன்றும்.

அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, குளிர்கால விற்பனையின் நடுவே ஒரு பாதுகாப்புக் குறைபாடு நேர்ந்தது. ஸ்டீம் வழங்கிகள் மீது நடத்தப்பட்ட சேவை மறுப்புத் தாக்குதலால், வழமையான விற்பனைக்காலப் போக்குவரத்தை விட 2000 விழுக்காடு கூடுதலான சுமை ஏற்பட்டது. அதைச் சமாளிக்கச் செய்யப்பட்ட இடைமாற்று அமைப்பில் பிழை நேர்ந்ததால், ஒருவருடைய கணக்குப் பக்கம் வேறொருவருக்குத் தெரிந்தது. ஏறத்தாழ 34,000 பயனர்களின் விவரங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என வால்வ் பின்னர் தெரிவித்தது. தம் கணக்கில் அந்நியரின் பெயரைக் கண்ட பயனர்கள், அங்காடியைத் திறக்கவேண்டாம் என ஒருவரையொருவர் எச்சரித்தனர்.

உருவாக்குநர்களின் நிலை

தள்ளுபடி அளிப்பதா, எவ்வளவு அளிப்பது என்பதை உருவாக்குநர் அல்லது வெளியீட்டாளரே முடிவு செய்கின்றனர். விற்பனைத் தொகையில் 30 விழுக்காடு அங்காடியின் பங்கு. 2018 அக்டோபர் முதல், ஓர் ஆட்டத்தின் வருவாய் 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காடாகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 விழுக்காடாகவும் இது குறைக்கப்படுகிறது. பெருவெற்றி பெற்றவர்களுக்கு மட்டும் சலுகை என்று சிறு உருவாக்குநர்கள் இதைக் குறைகூறினர்.

ஆழ்ந்த தள்ளுபடிக்கு எதிர்ப்பும் உண்டு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஒரிஜின் அங்காடிப் பொறுப்பாளராக இருந்த டேவிட் டிமார்ட்டினி, 75 விழுக்காடு தள்ளுபடிகள் படைப்புகளின் மதிப்பையே தாழ்த்துகின்றன என்று 2012 இல் கூறினார். எதிர்பார்த்தவாறே விற்பனைச் சமூகம் இதைக் கடுமையாக எள்ளி நகையாடியது. அந்நிறுவனத்தின் புதிய ஆட்டங்கள் 2019 இல் ஸ்டீமுக்கே திரும்பிவந்தன.

தனி உருவாக்குநரான ஜேசன் ரோரர் 2014 இல் எழுதிய கட்டுரையின் வாதம் இதைவிடக் கூர்மையானது. ஓர் ஆட்டம் எப்படியும் மலிவாகும் என்று தெரிந்தால், அதை முதல் நாளிலேயே முழு விலைக்கு வாங்கும் ஆர்வலரே தண்டிக்கப்படுகிறார் என்றார் அவர். தம் ஆட்டமான தி காஸில் டாக்ட்ரினின் விலை காலப்போக்கில் குறையாது, ஏறும் என்றும் அறிவித்தார். செக் குடியரசைச் சேர்ந்த வூப் நிறுவனத்தின் ஃபாக்டோரியோ இக்கொள்கையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அவ்வாட்டம் தள்ளுபடிக்கு வருவதே இல்லை. அதன் விலை 2018 இல் 20 டாலரிலிருந்து 30 ஆகவும், 2023 சனவரியில் 35 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2022 இறுதிக்குள் 35 இலட்சம் படிகள் விற்றுவிட்டன. காத்திருந்து பயனில்லை என்று அறிந்ததால், விலையேற்ற அறிவிப்பே அவ்வாட்டத்திற்குக் 'குறித்த கால விற்பனை' போல் அமைந்தது.

ஆடப்படாத ஆட்டங்கள்

ஆர்ஸ் டெக்னிக்கா இதழ் 2014 ஏப்ரலில் வெளியிட்ட மாதிரிக் கணக்கெடுப்பின்படி, ஸ்டீம் கணக்குகளில் பதிவாகியிருந்த ஆட்டங்களுள் சுமார் 37 விழுக்காடு ஒருமுறை கூடத் திறக்கப்படவில்லை. வாங்கிக் குவித்துவிட்டு ஆடாமல் விட்டவற்றைச் சமூகத்தினர் 'வெட்கக் குவியல்' என்று தம்மைத் தாமே கேலி செய்து கொள்கின்றனர். புதிதாக வாங்குமுன் பழையதை முடிப்பது என்று உறுதி எடுத்துக்கொள்ளும் குழுக்களும் இருக்கின்றன. விற்பனைக் காலத்தில் இவ்வுறுதிகள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. இக்குவியல் வாங்கியவரின் சொத்தும் அன்று. அவர் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்ற அறிவிப்பை ஸ்டீம் 2024 அக்டோபர் முதல் பணம் செலுத்தும் பக்கத்தில் வெளிப்படையாகக் காட்டி வருகிறது.

இந்தியாவில்

இந்தியப் பயனர்கள் 2015 நவம்பர் வரை அமெரிக்க டாலரிலேயே பணம் செலுத்த வேண்டியிருந்தது. அம்மாதத்தில் ஸ்டீம் இந்திய உரூபாயில் விலைகளைக் காட்டத் தொடங்கியது. பல ஆட்டங்களுக்கு உரூபாய் விலை, டாலர் விலையை நேரே மாற்றினால் வருவதை விடக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது. விற்பனைகள் இந்திய நேரப்படி கோடையில் இரவு 10.30 மணிக்கும், குளிர்காலத்தில் 11.30 மணிக்கும் தொடங்குகின்றன.

அண்மைய நிலை

கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் ஆகிய மூன்றுடன், 2016 முதல் சீனப் புத்தாண்டை ஒட்டியும் பெரிய விற்பனை நடைபெற்றது. 2023 இல் அதற்குப் பதிலாக மார்ச் மாத இளவேனில் விற்பனை கொண்டுவரப்பட்டது. விற்பனை நாட்களை வால்வ் இப்போது பல மாதங்களுக்கு முன்னரே வெளியிடுகிறது. நாளைக் கசியவிடுவோருக்கும் ஊகிப்போருக்கும் வேலையில்லாமல் போயிற்று. நவம்பர் இறுதியில் நடந்துவந்த இலையுதிர்கால விற்பனை, குளிர்கால விற்பனைக்கு மிக அருகில் அமைந்திருந்ததால் 2025 இல் செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 6 வரையிலான நாட்களுக்கு முன்தள்ளப்பட்டது.